கால் ஊன்ற ஓர் இடம்

பிப்ரவரி 11

இன்று கிடைத்தவை: ஒரு தகர டப்பாவின் மூடி, மூன்று ஆணிகள், ஒரு கரண்டிக் காம்பு. கண்ணிவெடி எதுவும் இல்லை.

டிடெக்டருக்கு இரும்பு என்றால் இரும்புதான். ஆணிக்கும் அதே கத்தல், வெடிக்கும் அதே கத்தல். அது கத்தினால் நான் மண்டியிட வேண்டும், ஓரத்திலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும், வியர்வை கண்ணுக்குள் இறங்கினாலும் துடைக்காமல் இருக்க வேண்டும். கடைசியில் பார்த்தால் கரண்டிக் காம்பு. இதைத் தேடி யாரோ ஒருத்தி ஒரு காலத்தில் வீட்டையே இரண்டாக்கியிருப்பாள்.

எட்டு வருடமாக இதே வேலை. நாடு மாறுகிறது, மண்ணின் நிறம் மாறுகிறது, முழங்கால் மட்டும் அதே முழங்கால்.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன். மகள் எடுத்தாள். "நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா?" என்றாள். போன வருடம் வரை நீ, வா, போ என்றுதான் பேசினாள். பதினான்கு வயதில் மரியாதை வந்துவிட்டதா? பின்னால் அவள் அப்பாவிடம் "போப்பா, நீ வேற" என்று கத்தியது கேட்டது. ஆக, மரியாதை எனக்கு மட்டும்தான். போன விடுமுறையில் நான் குளிக்கப் போனபோது, "புது டவல் அலமாரியில இருக்கு, எடுத்துக்கோங்க" என்றாள். அது என் வீட்டு அலமாரி. விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிப்ரவரி 15

வீட்டுக்காரர் இன்று போனில் ஒரு விஷயம் சொன்னார். கேஸ் ஏஜென்சியில் ஆள் எடுக்கிறார்களாம். வீடு வீடாகப் போய் ட்யூப், ரெகுலேட்டர், அடுப்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இப்போது பார்க்கிற அம்மா ஜூனோடு நின்றுவிடுகிறாராம்.

"உன் கைக்குன்னே செஞ்ச வேலைம்மா. ஏஜென்சிக்காரர்கிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். வெடிய எடுக்கறவங்களுக்கு கேஸ் எல்லாம் ஒரு விஷயமா, தாராளமா வரச் சொல்லுங்கன்னாரு. ஒண்ணே ஒண்ணு, டூ வீலர் ஓட்டத் தெரியணும். லைசென்ஸ் வேணும்."

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். அதுவும் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஓட்டியது. எங்கள் வீட்டில் யாரும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்ததில்லை. அவர் அச்சகத்துப் பைண்டிங் வேலைக்குப் பஸ்ஸில்தான் போகிறார். நான் எட்டு வருடமாகக் கம்பெனி வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தே போய் வந்துகொண்டிருக்கிறேன்.

நாற்பத்து மூன்று வயதில் பழக முடியுமா? அவரிடம் "பாக்கறேன்" என்றேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

பிப்ரவரி 17

எங்கள் குழு லீடர் கூப்பிட்டு அனுப்பினார். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார். ஏப்ரல் முடிவதற்குள் சொல்ல வேண்டும். "உங்கள மாதிரி பொறுமையான ஆள் எனக்கு இனிமே கிடைக்காது" என்றார்.

இது பொறுமை இல்லை, அசதி என்று சொல்ல வந்தேன். அதற்கும் தெம்பில்லை.

பிப்ரவரி 22

வாங்கிவிட்டேன். என்ன காரியம் செய்தேன் என்று இப்போதுதான் புரிகிறது.

எங்கள் நர்ஸ் அடுத்த வாரம் ஊருக்குத் திரும்புகிறார். அவருடைய மோட்டார் சைக்கிள் ஸ்டோர் ஷெட்டின் ஓரத்தில் நிற்கும். இந்த முகாமில் அதுதான் வழக்கம்: போகிறவர் வண்டியை வருகிறவருக்கோ இருக்கிறவருக்கோ விற்றுவிட்டுப் போவார், நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. இன்னொரு வழக்கமும் உண்டு. விற்பதற்கு முன் பெட்ரோல் டாங்கிக்குப் புது பெயின்ட் அடித்துத்தான் கொடுப்பார்கள். நர்ஸ் சிவப்பு அடித்திருந்தார். இன்னும் வாசனை போகவில்லை.

"இன்ஜின் தங்கம். ஹார்ன் மட்டும் கொஞ்சம் சங்கோஜப்படும்" என்றார். அழுத்திப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த ஆள் மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு கேட்டார். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 26

சொல்லிக் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர், நம் ஊர்ப்பக்கத்துக்காரர்.

நாங்கள் நிலத்தில் இருக்கும்போதெல்லாம் அவர் ஆம்புலன்ஸை ரோட்டில், வந்த பக்கம் பார்த்து நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு வேலை வந்தால் எங்களுக்குக் கேடு. மூன்று வருடமாக அவருக்கு வேலை வரவில்லை. முகாமிலேயே நன்றாகத் தூங்கி எழுந்த முகம் அவருடையது ஒன்றுதான். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். வாய் மட்டும் பெரிது.

"அக்கா, இதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. கிளட்ச்ச மெதுவா விடணும், பயத்த சீக்கிரமா விடணும். அவ்ளோதான்" என்றார்.

ஸ்டோர் முன்னால் இருக்கிற சிமென்ட் தளத்தில் பழகினேன். கிளட்ச்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி குதித்து நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதேதான். ஸ்டோர்க்காரர் ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

மார்ச் 3

உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. நாளை டிடெக்டரை எப்படிப் பிடிப்பது?

மார்ச் 9

ஓட்டுகிறேன்! சிமென்ட் தளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். இரண்டாவது கியர் வரை. டிரைவர் இரண்டு டிரம்களை நிறுத்தி வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடச் சொன்னார். போட்டேன். காலைக் கீழே வைக்காமல் போட்டேன். திரும்பப் போட்டேன்.

"அக்கா, எனக்கு லைசென்ஸ் எடுக்கும்போது எட்டுல நாலு தடவ கால் ஊனி ஃபெயில் ஆனேன். நீங்க என்ன, சர்க்கஸ்ல இருந்து வந்தீங்களா?" என்றார்.

வீட்டுக்குச் சொன்னேன். அவர் ஏஜென்சிக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். அவசரப்படாதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மகள் போனை வாங்கி, "நிஜமாவா? டியூஷன் முடிஞ்சு என்னைக் கூப்பிட வருவீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "பரவாயில்ல, பஸ் இருக்கு" என்று அவளே சொல்லிவிட்டாள்.

என்னிடம் கேட்பதும் அவளே. என் சார்பில் இல்லை என்பதும் அவளே. எத்தனை தடவை இல்லை என்று கேட்டிருந்தால் அப்படி ஒரு பழக்கம் வரும்?

மார்ச் 14

இப்போது சுத்தம் செய்கிற நிலம் ஒரு பெண்ணுடையது. என் வயதுதான் இருக்கும். தினமும் உச்சி வெயிலில் வந்து நிலத்தைச் சுற்றிக் கட்டிய எச்சரிக்கை நாடாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. எங்களைப் பார்க்க வருகிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் மண்ணைத்தான் பார்க்கிறாள். அவள் கல்யாணமாகி வந்த வருடத்தில் கால் வைத்த நிலமாம், அதற்குப் பிறகு வைக்கவில்லையாம். மொழிபெயர்ப்பவர் சொன்னார்.

எங்கள் வேலை இப்படி: முதலில் புல்லை வெட்ட வேண்டும், பிறகு டிடெக்டர், பிறகு கத்தினால் சுரண்டல். கத்தாவிட்டால் ஒரு முழம் முன்னால் நகரலாம். வெள்ளை பூசிய கல்லுக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த மண். சிவப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் பார்க்காத மண். பார்க்காத மண்ணில் கால் வைக்கக் கூடாது. முதல் நாள் பயிற்சியில் சொல்லித் தந்தது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

எட்டு வருடமாக என் காற்சட்டையில் ஒரு ஒட்டுப்புல் ஏறியதில்லை. வெட்டாத புல்லுக்குள் போனால்தானே ஏறும்.

மார்ச் 18

லீடர் அனுமதி கொடுத்துவிட்டார். முகாமிலிருந்து சந்தை வரை, தார் ரோட்டில் மட்டும், வெளிச்சம் இருக்கும்போது மட்டும்.

டீசல் போட ஆம்புலன்ஸ் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து நானும் கிளம்பினேன். நான் முன்னால், அது பின்னால். ஆம்புலன்ஸ் பின்னால் வர வண்டி பழகுகிற ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். ரோட்டில் போனவர்கள் எல்லாம் யாருக்கு என்ன ஆச்சு என்று ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

போகும்போது நன்றாகப் போனேன். காற்று முகத்தில் பட்டது. எட்டு வருடமாக முகக் கவசத்துக்குப் பின்னால் இருந்த முகம்.

சந்தையில் நிறுத்தும்போது விழுந்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. மூட்டை சரிகிற மாதிரி மெதுவாக, ஒரு பக்கமாக. அடி ஒன்றும் இல்லை. சந்தையே சிரித்தது.

மார்ச் 21

மறுபடியும் விழுந்தேன். அதே மாதிரி, நிறுத்தும்போது.

டாங்கியில் கீறல். சிவப்புக்குக் கீழே பச்சை தெரிகிறது. பச்சைக்குக் கீழே ஒரு மூலையில் நீலம். ஓகோ, இதுதானா அந்த வழக்கத்தின் ரகசியம்? விழாதவர் யாரும் இல்லை. விழுந்ததை மூடி ஒரு பூச்சு, அடுத்த ஆள் தலையில் கட்டு. நர்ஸம்மா, நீங்களுமா?

இதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மார்ச் 27

டிரைவர் கண்டுபிடித்துவிட்டார். நானே பார்த்திராததை.

"அக்கா, நீங்க சிமென்ட்ல நிறுத்தும்போது காலை ஊனறீங்க. தார் மேல ஊனறீங்க. ஓரத்துல மண்ணு வந்தா காலை உள்ளேயே இழுத்துக்கறீங்க. வண்டி சாயறது தெரிஞ்சும் ஊன மாட்டேங்கறீங்க. ஏன்?"

எனக்குத் தெரியாது என்றேன். பொய் இல்லை. கால் அதுவாகத்தான் செய்கிறது. வண்டி சாய்கிறது, மண் தெரிகிறது, கால் வர மாட்டேன் என்கிறது. விழுவதற்குத் தயார், ஊன்றுவதற்குத் தயாரில்லை.

"இந்த ரோட்டோரம் எல்லாம் நாலு வருஷம் முன்னாடியே பாத்து முடிச்சாச்சு. ஆடு மேயுது, பாருங்க" என்றார்.

ஆடு மேய்கிறதுதான். யார் பார்த்தது? எப்படிப் பார்த்தார்கள்? சாயங்கால அவசரத்தில் பார்த்தார்களா? நான் பார்க்கவில்லையே.

போன விடுமுறையில் மகளின் பள்ளிக்கூட விளையாட்டு விழா. எல்லா அம்மாக்களும் மைதானத்துப் புல்லில், கயிற்றை ஒட்டி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கட்டடத்தின் சிமென்ட் படியில் நின்றேன். அவள் ஓடி முடித்துத் தேடிக்கொண்டு வந்து, "ஏன் இங்கயே நின்னுட்ட?" என்றாள். கால் வலி என்றேன். அன்றைக்குத்தான் கடைசியாக என்னை 'நீ' என்றாள் என்று நினைக்கிறேன்.

கால் வலி என்று நானும் நம்பித்தான் சொன்னேன்.

ஏப்ரல் 2

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

சந்தையிலிருந்து திரும்பும்போது எதிரே லாரி. மண் லாரி, நல்ல வேகம். அந்த இடத்தில் ரோடு ஒரு வண்டிக்குத்தான் போதும். எனக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் சாதாரணமாக ஓரத்து மண்ணில் இறங்கி வழி விட்டன. நான் இறங்கவில்லை. ஹார்ன் அடித்தான், அடித்துக்கொண்டே வந்தான் — இறங்குடி, இறங்கித் தொலைடின்னு எனக்கு நானே சொல்றேன், கை திரும்ப மாட்டேங்குது. பிரேக்கைப் பிடிச்சேன். ரோட்டு நடுவுல நின்னேன். நிக்கக்கூட இல்ல, விழுந்தேன். லாரி சக்கரம் என் ஹெல்மெட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுது. ரப்பர் கருகற நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு.

லாரிக்காரன் இறங்கி வந்து கத்தினான். மொழி புரியாவிட்டாலும் என்ன சொன்னான் என்று புரிந்தது.

ஆம்புலன்ஸிலிருந்து டிரைவர் ஓடி வந்து என்னைத் தூக்கினார். அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "செத்திருப்பீங்க! லாரி வருதுன்னு கண்ணால பாக்கறீங்க. அது நிஜம். மண்ணுக்குள்ள இருக்கறது உங்க மனசுல இருக்கறது. இல்லாததுக்குப் பயந்து இருக்கறதுல போய் விழுவீங்களா?"

பிறகு ரோட்டோரத்தில் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "மூணு வருஷமா வேல இல்லாம சந்தோஷமா இருந்தேன்கா. இன்னைக்குக் குடுத்திருப்பீங்க" என்றார்.

ஏப்ரல் 3

வண்டியை ஷெட்டில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

ஏப்ரல் 10

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நிலம், வெயில், ஆணிகள்.

ஏப்ரல் 13

இன்று ஒன்று கிடைத்தது. பனை மரத்தடியில், வேருக்கு நடுவில். கையை எடுத்துவிட்டு, பின்னால் வந்து, லீடரைக் கூப்பிட்டேன். மதியம் அதை வெடிக்க வைத்தார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்ற அந்தப் பெண் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

ஆக, பயம் மனசில்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. டிரைவரிடம் இதைச் சொன்னேன்.

லீடர் மறுபடி கேட்டார். இந்த மாதக் கடைசிதான். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறது. இங்கே எனக்குத் தெரிந்த மண் இருக்கிறது. எங்கே கால் வைக்கலாம் என்று வெள்ளைக் கல் இருக்கிறது. வீட்டில் யார் எனக்கு வெள்ளைக் கல் வைத்துக் காட்டுவார்கள்?

ஊரில் அவருக்கு எப்படிச் சொல்வது? ஏஜென்சிக்காரர் எனக்காகக் காத்திருக்கிறாராம். மகள் தன் சிநேகிதிகளிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம், எங்கம்மா மோட்டார் சைக்கிள் ஓட்டறாங்க என்று. அவர்தான் சொன்னார். இதை என்னிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் அவள் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

ஏப்ரல் 14

தலைவலி. லீவு போட்டேன். படுத்தே இருந்தேன். அழுதேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 19

சாப்பிடும்போது டிரைவர் எதிரே வந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அக்கா, எந்த மண்ணுல நீங்க காலை வைப்பீங்க?"

"நானே பார்த்த மண்ணுல."

"இப்ப இருக்கற நிலத்துல பாதி நீங்க பாத்ததுதானே?"

"பாதிக்கு மேல."

"அப்ப அங்க ஓட்டுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். யோசித்துக்கொண்டே தட்டைக் கழுவினேன்.

ஏப்ரல் 22

நிலம் முடியப் போகிறது. முடித்த நிலத்தைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கும்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. சுத்தம் செய்தவர்களே முதலில் அந்த நிலத்தின் குறுக்கே நடந்து காட்டுவோம். காகிதத்தில் என்ன எழுதிக் கொடுத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், எங்கள் காலைப் பார்த்துத்தான் நம்புவார்கள். கடைசித் துண்டு மண்ணைப் பார்த்து முடித்தவர் முன்னால் போவார். இந்தத் தடவை அது நான்.

லீடரிடம், "நடக்கறதுக்குப் பதிலா ஓட்டட்டுமா?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். லாரி விஷயம் அவருக்குத் தெரியும். "விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா நான் பார்த்த மண்ணுலதான் விழுவேன்."

சிரித்துவிட்டார். டிராக்டரே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள், இது என்ன என்றார்.

ஏப்ரல் 26

ஒப்படைத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஆனால் உடம்பு படுக்கச் சொல்கிறது. முடிந்தவரை.

நிலம் மேடும் பள்ளமும். வெட்டிய புல்லின் அடிக்கட்டைகள் காய்ந்து போயிருந்தன. நான் வண்டியை முதல் கியரில் இறக்கினேன். ஒவ்வொரு முழமும் தெரிந்த இடம். இது ஆணிகள் கிடைத்த இடம், இது கரண்டிக் காம்பு, இது எறும்பு கடித்துத் திட்டிய இடம். பனை மரத்துக்குப் பக்கத்தில் வண்டி தடுமாறியது. சாய்ந்தது. கால் தானாகப் போய் ஊன்றியது. மண் உதிரியாக இருந்தது, கொஞ்சம் புதைந்தது, தாங்கியது.

அவ்வளவுதானா? இவ்வளவு நாளாக அழுததெல்லாம் இதற்குத்தானா? சிரிப்பு வந்தது. டிரைவர் ரோட்டிலிருந்து விசில் அடித்தார்.

அந்தக் கோடி வரை போய்த் திரும்பி நின்றேன். மற்றவர்கள் கையைக் கோர்த்துக்கொண்டு நடந்து வந்தார்கள். இப்போது நிலத்துக்காரப் பெண் வர வேண்டும். லீடர் கையைக் காட்டினார். மொழிபெயர்ப்பவர் சொன்னார். அவள் அசையவில்லை. நாடா போட்டிருந்த இடத்திலேயே — நாடாவை எடுத்துவிட்டோம், ஆனாலும் அதே இடத்தில் — நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நான்தான் அது. சந்தை ரோட்டில் நான்.

நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? யார் பார்த்தது, எப்படிப் பார்த்தார்கள் என்று அவளும் நினைப்பாள்தானே. என் மண்ணை அவள் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். நான் யாருடைய மண்ணை நம்பினேன்?

வண்டியைத் திருப்பிக்கொண்டு அவளிடம் போனேன். இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்கவில்லை. குனிந்து வண்டியின் சக்கரத் தடத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தடத்தின் மேல் ஒரு காலை வைத்தாள். அதற்கு முன்னால் இன்னொரு காலை. கயிற்றின் மேல் நடப்பவள் மாதிரி, சக்கரம் போன கோட்டை விட்டு ஒரு விரல்கூட வெளியே போகாமல் நடந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன்.

பாதி நிலம் தாண்டியிருப்பாள். பக்கத்தில் ஒரு களைச்செடி, எங்கள் அரிவாளுக்குத் தப்பித்தது, பூத்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். முகம் சுளித்தாள். தடத்தை விட்டு விலகி, நான்கு எட்டு வைத்துப் போய், வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி எறிந்தாள். பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதையும். அப்புறம் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தபோதுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

கையில் களையோடு நின்று என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வது, சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த களையைத் தேடப் போய்விட்டாள்.

ஏப்ரல் 28

கையெழுத்துப் போட மாட்டேன் என்று லீடரிடம் சொல்லிவிட்டேன். "அந்த லாரிக்காரன்தான் என் ஆளைக் கெடுத்துட்டான்" என்றார்.

திரும்ப ரோட்டில் ஓட்டுகிறேன். கால் உடனே போவதில்லை. பார்த்து, யோசித்து, பிறகுதான் போகிறது. ஆனால் போகிறது.

மே 24

வண்டியை விற்றுவிட்டேன். புதிதாக வந்திருக்கும் சமையல்காரர் வாங்கிக்கொண்டார். அவருக்கும் ஓட்டத் தெரியாதாம். பெயின்ட் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டார், எல்லாரும் அடித்துத்தானே தருவார்கள் என்று. மாட்டேன் என்றேன். சிவப்பும் பச்சையும் நீலமும் அப்படியே இருக்கட்டும். யாரெல்லாம் விழுந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே பழகட்டும்.

டிரைவர் வழியனுப்ப வந்தார். "நல்லா தூங்குங்க தம்பி" என்றேன். "நீங்க போயிட்டா தாராளமா தூங்கலாம்கா" என்றார்.

ஜூன் 29

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. தரையில் வரைந்த எட்டு. "கால் ஊனக் கூடாது, ஊனினா ஃபெயில்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதுக்குச் சிரிக்கறீங்க என்றார். ஒன்றுமில்லை சார் என்று எட்டைப் போட்டுக் காட்டினேன்.

அவர் வேலை பார்க்கும் அச்சகத்து முதலாளியின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியிருக்கிறோம். டாங்கி கறுப்பு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், கீழேயும் கறுப்புதான்.

ஜூலை 12

வேலை பழகிவிட்டது. அசதி மட்டும் கூடவே வந்துவிட்டது, அதை எந்த முகாமிலும் விற்க முடியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மாடிப்படி! எல்லா வீட்டிலும் அடுப்புக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். முழங்கால் கேட்கிறது, இதற்குத்தானா ஊருக்கு வந்தாய் என்று.

மகளை டியூஷனிலிருந்து கூட்டி வந்தேன். எதிரே பஸ், ஓரமாக இறங்கி நின்றேன். தரையைப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தேன். பின்னாலிருந்து, "எதைத் தேடறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

வீடு வரும் வரை என் தோளைப் பிடித்திருந்தாள்.

ஆகஸ்ட் 3

மழை. சோதித்த எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். வயிறு கெட்டுவிட்டது.

செப்டம்பர் 9

மத்தியானம் ஏஜென்சியிலிருந்து போன். தனியாக இருக்கிற ஒரு பெரியவர் வீட்டில் கேஸ் வாடை, உடனே போங்கள் என்று. போனால் குழாய் போடுவதற்காகத் தெருவையே வெட்டி வைத்திருக்கிறார்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். பெரியவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் போட்டுக்கொண்டிருந்தார், வாடை போகட்டும் என்று! சுவிட்சில் கை வைக்காதீர்கள் என்று கத்திக்கொண்டே அவரை வெளியே அனுப்பிவிட்டு, சிலிண்டரை மூடி, ஜன்னலை எல்லாம் திறந்தேன். எலி கடித்த ட்யூப். மாற்றிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பயத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது, பாவம்.

அங்கிருந்து நேராக டியூஷன் வாசல். மகள் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏற வந்தவள், ஏறாமல் நின்றாள்.

"என்னம்மா இது, எந்தக் காட்டுக்குள்ள போய்ட்டு வந்த? காலெல்லாம் பாரு!"

குனிந்து பார்த்தேன். முழங்கால் வரை ஒட்டுப்புல். இரண்டு காலிலும், துணி தெரியாத அளவுக்கு. அந்தத் தெருமுனையில் ஒரு காலி மனை இருந்தது, இடுப்பளவு புல் வளர்ந்து. அதன் குறுக்கேதான் ஓடியிருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

"அசையாம நில்லு" என்று தெருவிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வீட்டுக்கு வந்து மீதியைப் பிடுங்கினாள். வாயில் திட்டு ஓயவே இல்லை. அவள் அப்பா விளக்கைக் கொண்டு வந்து காட்டினார்.

இப்போது உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். எலி ட்யூப்பை எந்தப் பக்கம் கடித்திருந்தது என்பது நினைவிருக்கிறது. பெரியவரின் ஃபேன் சத்தம் நினைவிருக்கிறது. வண்டிச் சாவி எந்தப் பையில் இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. அந்தப் புல்லுக்குள் காலை எங்கே வைத்துப் போனேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.